இடது குழாய், வலது குழாய்

எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டிக்குள் இரண்டு குழாய்கள் வந்து விழுகின்றன. இடது குழாய் சோலைக்குள்ளிருந்து வருகிறது. வலது குழாய், காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடையிலிருந்து வருகிறது. ஓடை நீர் குழாய்க்குள் புகும் இடத்தைத் தலைவாய் என்போம். ஒன்றின் தலைவாயிலிருந்து மற்றதன் தலைவாய்க்கு நடந்தால் இருபது நிமிடம் ஆகும். இரண்டு சரிவிலும் பெய்வது ஒரே மழை. ஆனாலும் கடந்த 19 ஆண்டுகளில் இந்த இரண்டு குழாய்களும் ஒரே மாதிரித் தண்ணீர் தந்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

நான் இந்தத் தொட்டியின் டேங்க் ஆபரேட்டர். நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கு எங்களுடையது. ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் பாதையில் ஓரிடத்தில் பஸ்ஸின் ஜன்னல் பக்கம் திடீரென்று பெரிய பள்ளத்தாக்கு விரியும். தேயிலைப் பச்சை, கேரட் பச்சை, புதிதாகக் கொத்திய மண்ணின் சிவப்பு, நடுவில் பெட்டி பெட்டியாக வீடுகள் என்று தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் பஸ்ஸிலிருந்தே கைப்பேசியில் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தில் எங்காவது ஒரு மூலையில் என் தொட்டியும் இருக்கும். இங்கே விழுகிற மழைநீர் காட்டேரி ஓடையில் சேர்ந்து, குன்னூர் ஆற்றோடு இறங்கி, மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் கலந்து, கடைசியில் பவானிசாகர் அணைக்குப் போகிறது. வழியில் முதலில் குடிக்கிறவர்கள் நாங்கள்.

என் வேலை சிறியது. காலை ஐந்தரைக்குப் போய் வால்வைத் திருப்பி, தண்ணீரைப் பார்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஆறரைக்கு ஊருக்குத் திறந்துவிட வேண்டும். தொட்டி 30,000 லிட்டர். நல்ல பவுடராக இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்படியானால் 120 கிராம். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். சோதனைக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டுவிட்டால் மஞ்சள் நிறம் எழும். அதை அட்டையிலுள்ள மஞ்சளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த 2006ல், முதல் மாதமே ஒன்றைக் கவனித்தேன். இடது வால்வை மட்டும் திறந்த நாளில் 120 கிராம் போதும். வலது வால்வை மட்டும் திறந்தால் அதே மஞ்சளுக்கு 200, 250 கிராம் தேவைப்படும். ஒரு ஐப்பசியில் 400 கிராம் போட்டும் குப்பியில் நிறமே எழவில்லை. பவுடர் வீணாகிவிட்டது என்று நினைத்துப் புதிய மூட்டையைப் பிரித்தேன். அதிலும் அப்படித்தான்.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் விளக்கம் கிடைத்தது. குளோரின், கிருமியை மட்டும் தேடிப் போய்க் கொல்லும் மருந்து இல்லை. எதிரே வருகிற எல்லாவற்றோடும் மோதித் தீர்ந்துபோகும். மக்கிய இலை, மண்ணோடு வரும் சாறு, எருவிலிருந்து கசியும் அம்மோனியா எல்லாம் அதைத் தின்றுவிடும். இவற்றையெல்லாம் தாண்டி மிஞ்சுவதுதான் கிருமிக்கு. மண் துகளுக்குள் ஒளிந்துகொண்ட கிருமியை அந்த மிச்சமும் எட்டாது. கலங்கல் நீருக்கு எத்தனை கிராம் போட்டாலும் நிம்மதியாகத் திறந்துவிட முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அன்று முதல் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். தேதி, மழை, எந்த வால்வு, எத்தனை கிராம் என்று நான்கு கட்டங்கள். இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது. நான் எழுதியது பிளீச்சிங் பவுடர் கணக்கு மட்டும்தான். ஆனால் எந்த வாரம் எந்தச் சரிவைக் கொத்தினார்கள், எப்போது எரு இறங்கியது, எப்போது கிழங்கு தோண்டினார்கள் என்பதெல்லாம் அந்தக் கிராம் எண்ணிலேயே படிந்துவிட்டிருக்கிறது.

இடது குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் தலைவாய் ஒரு சிறு சோலைக்குள் இருக்கிறது. பெரிய காடு என்று நினைத்துவிடாதீர்கள்; ஒரு பத்துப் பதினைந்து ஏக்கர் தேறும். குட்டையான, கிளை முறுக்கிய மரங்கள். தண்டெல்லாம் பாசி. தரையில் கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கும். மழை அடித்துப் பெய்தாலும் உள்ளே துளி நேராக மண்ணில் விழாது. இலை, அதன்கீழ் இன்னோர் இலை, கிளைப்பாசி, அப்புறம் தரையில் ஒரு சாண் இலைச்சருகு என்று படிப்படியாகத்தான் இறங்கும். மழை விட்டு வெகுநேரம் கழித்தே ஓடை உயரும். உயர்ந்தாலும் கலங்காது. இலைச்சாயம் ஏறி இளம் டீ நிறத்தில் வரும். ஆனால் குவளையின் அடியில் கிடக்கும் காசின் பூவா தலையா தெரியும். மழையே இல்லாத மாசி, பங்குனியிலும் குழாய் வற்றியதில்லை. கார்த்திகையில் குடித்ததைப் பங்குனியில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

அங்கே ஒரு கூழாங்கல்லைப் புரட்டிப் பாருங்கள். மணலையும் குச்சியையும் ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு குழல்வீடு கட்டிக்கொண்டிருக்கும் சின்னப் புழு இருக்கும். சிறு வயதில் அதைக் குச்சிப்புழு என்போம். மூன்று நூல் வால்களோடு கல்லில் தட்டையாக ஒட்டி ஓடும் பூச்சியும் இருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலோ கல்லிடுக்கில் சேறு அடைத்தாலோ இவற்றால் வாழ முடியாது. வலது ஓடையில் கல்லைப் புரட்டினால் சிவப்பு நூல் துண்டுபோல் நெளியும் புழுக்கள்தான். அவை மூச்சுத் திணறும் தண்ணீரிலும் பிழைப்பவை. எந்தக் கருவியும் இல்லாதவர்களுக்கு நான் சொல்லித் தரும் சோதனை இதுதான். கல்லைப் பார்த்தபின் அதே பக்கமாகத் திருப்பி வைத்துவிட வேண்டும், அது அவற்றின் வீடு.

சோலைத் தண்ணீர் அப்படியே குடிக்கத் தக்கது என்று சொல்லமாட்டேன். காட்டெருமை அங்கே வந்துபோகிறது, கடமான் வருகிறது. சாணம் விழாமல் இருக்காது. அதற்கும் பவுடர் போட்டே ஆக வேண்டும். ஆனால் 120 கிராமில் கட்டுப்படுகிற தண்ணீர் அது.

வலது ஓடையின் கதை நீளமானது. அதன் சரிவின் உச்சியில் கற்பூர மரமும் (யூகலிப்டஸை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சீகை மரமும் (வாட்டில்). அதன்கீழ் ஒரு பட்டை தேயிலை. அதற்கும் கீழே, ஓடைக்கரை வரை கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், பூண்டு, முட்டைகோஸ். ஒரு ஓரத்தில் எங்கள் வீடுகள், அவற்றின் செப்டிக் டேங்குகள். இத்தனையும் ஒரே பள்ளத்துக்குள் வடிகின்றன.

இங்கே ஆண்டுக்கு மூன்று போகம் கிழங்கு போடலாம். ஏப்ரல் மாத வாக்கில் பெரிய போகம், ஆகஸ்டில் ஒன்று, ஜனவரியில் தண்ணீர் பாய்ச்சி ஒன்று. இடையில் கேரட். ஆகவே ஏதாவது ஒரு துண்டு நிலம் எப்போதும் வெறும் மண்ணாகவே கிடக்கும். வெறும் மண்ணின்மேல் கோடை மழையின் முதல் அடி விழுகிற நாள்தான் என் நோட்டில் ஆண்டின் மிக மோசமான நாள். வெயில் காலம் முழுக்க மேலே சேர்ந்திருந்த எருத்தூள், உரம், மருந்து, சாணம், குப்பை எல்லாம் முதல் அரைமணி நேரத் தண்ணீரில் திரண்டு வந்துவிடும். அந்த முதல் தண்ணீரைத் தொட்டிக்குள் விடவே மாட்டேன். வானம் இருட்டினால் வலது வால்வை மூடிவிடுவேன். எத்தனையோ நாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து ஓடியிருக்கிறேன். அப்படி மூடிய நாளில் ஊருக்குப் பாதித் தண்ணீர்தான் கிடைக்கும். பெண்கள் குடத்தோடு நின்று என்னைக் கேட்பார்கள், "தம்பி, இவ்வளவு மழை பெய்கிறது, தண்ணீர் இல்லை என்கிறாயே?" அந்தக் கேள்வி நியாயமானது.

அடுத்தது கோழி எரு. சமவெளியிலிருந்து லாரியில் மூட்டை மூட்டையாக வரும். மக்கவைக்காமல் பச்சையாகவே போடுவார்கள். ஈ மொய்க்கும், ஊரே நாறும். அது இறங்கிய வாரத்தில் மழை வந்தால் வலது குழாய்க்கு 300 கிராமுக்குக் குறைந்து போட்டதில்லை. பிறகு கேரட் கழுவும் வேலை. கழுவிய கேரட்டுக்குத்தான் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை. விடியற்காலை இரண்டு மணிக்கு, குளிரில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிடுங்கத் தொடங்குவார்கள். என் அம்மா அந்த வேலைக்குப் போனவர். அவர் காலத்தில் கேரட்டை ஓடையிலேயே போட்டுக் காலால் மிதித்துக் கழுவினார்கள். பிறகு இயந்திரம் வந்தது. இயந்திரம் ஒரு மணி நேரத்தில் கழுவித் தள்ளுவது அந்தக் காலத்தில் ஒரு நாள் வேலை. அதே அளவுச் சேறு இப்போது ஒரே மணி நேரத்தில் ஓடையில் இறங்குகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு விவசாயிகளைத் திட்டுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னை வளர்த்தது அந்தக் கேரட் கூலி. என் பெற்றோர், இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்ப இரு நாடுகளும் செய்த சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி 1970களில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசு இந்த மலையில் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. அந்தத் தேயிலை வந்ததும் முன்பு காடாகவும் புல்வெளியாகவும் இருந்த இடங்களில்தான். அங்கே இடம் கிடைக்காதவர்கள் காய்கறித் தோட்டங்களுக்கு வந்தார்கள். நாங்கள் அப்படி வந்தவர்கள். மலையின் நிலம் மாறியதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

என் அப்பா இலங்கைத் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். மலைச்சரிவில் மழைநீரை வாங்கிக்கொள்ளக் குறுக்கே வெட்டும் வடிகாலைத்தான் அங்கே கான் என்பார்கள். நேராகக் கீழ்நோக்கி வெட்டினால் மண்ணை அரித்துக்கொண்டு போகும். முழுக்கக் கிடையாக வெட்டினால் தண்ணீர் தேங்கி, கரை உடைந்து, அதைவிட மோசமாகும். பத்தடிக்கு ஓர் அங்குலச் சாய்வு என்பது அவருடைய கணக்கு. மூன்று கம்புகளை ஆங்கில A எழுத்துப்போல் கட்டி, உச்சியிலிருந்து ஒரு கயிறு, கயிற்று நுனியில் ஒரு கல். அதை வைத்துக்கொண்டு ஒரு மலையையே அளந்துவிடுவார். இடையிடையே குழி விட்டு, அதில் படிந்த மண்ணை மழைக்குப்பின் அள்ளிச் செடியடியில் போடுவார்கள்.

இங்கே வந்தபோது அவரை அதிரவைத்தது, கிழங்கு வரிகள் மலை உச்சியிலிருந்து ஓடை வரை நேராக இறங்குவதுதான். "இது வரி இல்லை, மண் போக ரோடு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கூலிக்குப் போன இடத்தில் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. நான் சொன்னேன், பல ஆண்டு கழித்து. ஓடைக்கரை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த அண்ணன் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படாமல் விளக்கினார்.

"வரியைக் குறுக்கே போட்டால் தண்ணீர் நிற்கும், தம்பி. தண்ணீர் நின்றால் மூன்றே நாளில் கிழங்கு அழுகும். எனக்கு இந்த நிலம் இந்த வருடம் மட்டும்தான். அடுத்த வருடம் வேறு ஒருவர். நான் படி வெட்டிக் கல் அடுக்கினால் அதன் பலன் யாருக்கு?"

இரண்டாவது காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை, இன்று வரையும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் மண் போவதற்கு மழையை விடப் பெரிய காரணம் ஒரு வருடக் குத்தகை என்பது என் முடிவு. நிலத்துக்காரர் கீழே கோயம்புத்தூரில் இருக்கிறார். உழுகிறவருக்கு அடுத்த வருடம் உறுதியில்லை. மண்ணைக் காக்க ஆகும் செலவு பத்து வருடத்தில் திரும்புவது. கடனோ தொண்ணூறு நாளில் கட்ட வேண்டியது. முதல் காரணத்துக்கு மட்டும் அப்பாவின் பத்தடிக்கு ஓர் அங்குலம் பதில் சொன்னது. அந்த அண்ணனும் நானும் 2018ல் மூன்று கான்கள் வெட்டினோம். கிழங்கு அழுகவில்லை. போகம் முடிந்து மூன்று கான்களிலும் அள்ளிய மண் நாற்பத்தேழு கூடை வந்தது. அத்தனையும் என் தொட்டியை நோக்கிக் கிளம்பிய மண். அடுத்த வருடம் வந்த குத்தகைக்காரர் டில்லர் ஓட்ட இடைஞ்சல் என்று மூன்றையும் மூடிவிட்டார்.

விலையும் நிலத்தை மாற்றும். வளர்ந்து மூடிய தேயிலைச் சரிவிலிருந்து அதிக மண் வராது. செடிகள் கம்பளம்போல் பின்னிக்கொண்டு துளியைத் தாங்கும். களைக்கொல்லியும் யூரியாவும் வரும், அது வேறு கணக்கு. ஆனால் 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்த பிறகு, பலர் கீழ்ச்சரிவில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி கேரட்டுக்குப் போனார்கள். வேரோடு பிடுங்கிய தேயிலைச் சரிவு முதல் இரண்டு மழைக்குக் கொடுக்கும் மண்ணைப் பார்த்தால் வயிறு எரியும். தேயிலை ஏல விலையும் என் பவுடர் கணக்கும் எதிரெதிராக ஏறி இறங்குவதை நான் சொன்னால் யாரும் முதலில் நம்பமாட்டார்கள். நோட்டைக் காட்டிய பிறகு நம்புவார்கள்.

உச்சியில் இருக்கும் கற்பூர மரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1840களில் வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. விறகுக்கு என்று தொடங்கி, பிறகு ஆலைகளுக்காகப் புல்வெளிகளிலெல்லாம் நட்டார்கள். ஊட்டியில் 1954 முதல் இயங்கும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம், கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்து ஆராய்ந்தது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். இன்னொன்றில் 1972ல் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கத்து ஓடையின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் துளிர்த்து வளர்ந்த அடுத்த சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. என் இரண்டு குழாய்களைப் போலவே இரண்டு ஓடைகளை அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அந்த ஆய்வு பேசுவது நீரின் அளவை. ஆனால் அளவு குறைவதும் தரத்தில் வந்து முடியும். பங்குனியில் ஓடை பாதியாகும்போது செப்டிக் டேங்கின் கசிவு பாதியாவதில்லை.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு. 2014 கோடையில் வலது குழாய்த் தண்ணீர் பளிங்குபோல் வந்துகொண்டிருந்தது. மழையே இல்லை, சேறு இல்லை, 130 கிராமில் மஞ்சள் வந்துவிட்டது. நிம்மதியாக இருந்தேன். அப்போது எங்களுக்குக் கொடுத்திருந்த பரிசோதனைப் பெட்டியில் நைட்ரேட் சோதனையும் இருந்தது. சும்மா செய்து பார்த்தேன். நிறம் ஏறிக்கொண்டே போயிற்று. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அட்டையில் அந்தக் கட்டத்தையும் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. சந்தேகப்பட்டு மறுபடி செய்தேன். இடது குழாயிலும் செய்தேன். நிறமே அரிதாகத்தான் தெரிந்தது. குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அவர்களின் முடிவும் வரம்புக்கு மேலே என்றுதான் வந்தது.

உரத்தில் இருக்கும் இரண்டு சத்துகள் இரண்டு விதமாகப் பயணம் செய்கின்றன. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண் துகளைப் பிடித்துக்கொண்டு போகும். மண் போகாவிட்டால் அதுவும் பெரும்பாலும் போகாது. தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் கரைந்து, வேருக்கும் எட்டாமல் கீழே இறங்கி, மெதுவாக ஊற்று வழியாக வெளியே வரும். இந்த வருடம் போட்ட உரம் எப்போது குழாயில் வரும் என்பதை மண்ணின் ஆழம்தான் முடிவு செய்யும். ஆகவே மழைக்காலத்தில் கலங்கலாக வருவது ஒரு கணக்கு என்றால், கோடையில் தெளிவாக வருவது பழைய கணக்கின் பாக்கி. இதற்குப் பிளீச்சிங் பவுடர் ஒன்றும் செய்யாது. காய்ச்சினால் தண்ணீர் சுண்டி இன்னும் அடர்த்தியாகும். பால்குடி மாறாத குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் அதன் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்துபோகலாம். அந்தக் கோடையில் எங்கள் வரிசையில் இரண்டு வீடுகளில் கைக்குழந்தைகள் இருந்தன. இரண்டு மாதம் இடது குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து அந்த வீடுகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

2009 நவம்பரைச் சொல்லாமல் கேத்திக்காரன் எவனும் தண்ணீரைப் பற்றி எழுத முடியாது. 10ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மூன்று நாள்களில் மாவட்டம் முழுவதும் மலை சரிந்து 40க்கும் அதிகமானோர் இறந்தார்கள். விடிந்து போய்ப் பார்த்தபோது வலது தலைவாய் இருந்த இடமே தெரியவில்லை. ஆளுயரத்துக்குச் செம்மண். மண்ணுக்குள்ளிருந்து கேரட் நீட்டிக்கொண்டிருந்தது. சோலைக்குள்ளும் இரண்டு மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன, குழாய் மூன்று இடங்களில் உடைந்திருந்தது. ஆனால் தலைவாய்த் தொட்டி அப்படியே இருந்தது. அதற்குள் நின்ற தண்ணீர் டீ நிறம். ஒன்பது நாள் ஊர் முழுவதும் அந்த ஒரு தொட்டியிலிருந்து சுமந்து குடித்தோம்.

ஒரு நல்ல செய்தியும் என் நோட்டில் இருக்கிறது. வலது தலைவாய்க்கு மேலே, ஓடையை ஒட்டி நாற்பது சென்ட் துண்டு ஒன்று உண்டு. என் சிறு வயதில் அது சதுப்பு. எருமை இறங்கினால் வயிறு வரை புதையும். பிறகு நடுவில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, கேரட் போட்டார்கள். 2019ல் அந்த நிலத்துக்காரர் மகனோடு தங்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். குத்தகைக்கும் யாரும் வரவில்லை. வடிவாய்க்கால் தூர்ந்தது. நீர் மறுபடி பரவி நின்றது. கோரையும் புல்லும் இடுப்புயரம் வளர்ந்தன. தவளைகள் திரும்பி வந்தன.

2021 ஐப்பசி மழையில் வலது குழாய்க்கு 160 கிராம் போட்டேன், மஞ்சள் வந்துவிட்டது. நம்பாமல் கடைசி வீடு வரை போய்ச் சோதித்தேன். அங்கேயும் இருந்தது. மேலே எதுவும் மாறவில்லை: அதே கேரட், அதே கோழி எரு, அதே நேர் வரிகள். நாற்பது சென்ட் புல்லும் சேறும் மட்டும்தான் புதிது. வேகமாக வரும் வெள்ளம் கோரைக்குள் நுழைந்ததும் தளர்ந்து, மண்ணை அங்கேயே போட்டுவிடுகிறது. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உடைத்து வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடுகின்றன. அடுத்த கோடையில் நைட்ரேட் சோதனை செய்தேன். 45க்குக் கீழே இறங்கியிருந்தது.

பல ஏக்கர் நிலம் அனுப்பும் அழுக்கை ஓடையோரத்து ஒரு துண்டுச் சதுப்பு இந்த அளவுக்குத் தடுக்குமானால், எங்கே என்ன இருக்கிறது என்பதும் எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே முக்கியம். முழுப் பள்ளத்தாக்கையும் காடாக்குங்கள் என்று நான் கேட்கமாட்டேன். அப்படிக் கேட்டால் சாப்பாட்டுக்கு வழி கேட்பார்கள். ஓடையின் இரு பக்கமும் ஒரு பட்டைப் புல், ஈரமான பள்ளங்களில் கோரை, சரிவில் கான். இவ்வளவுக்கும் போகும் நிலம், மொத்தத்தில் சிறு பங்கு.

கடந்த ஆண்டு அந்த நாற்பது சென்ட் மறுபடி குத்தகைக்குப் போய்விட்டது. எடுத்திருப்பவர் ஒரு தங்கை, கணவர் இல்லாதவர், இரண்டு பெண் குழந்தைகள். வாய்க்காலைத் தூர்வாரினார். கோரையை வெட்டினார். ஐப்பசியில் எண் 240க்கு ஏறியது. நோட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் அதே குழாய்த் தண்ணீர்தான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"கரையோரம் எத்தனை அடி விட வேண்டும், அண்ணா?"

"பதினைந்து."

"பதினைந்து அடி விட்டால் நான்கு மூட்டை கேரட் போய்விடும். எட்டடி விடுகிறேன். அதில் மாட்டுப்புல் போட்டுக்கொள்ளலாமா?"

தாராளமாகப் போடலாம் என்றேன். அறுத்தாலும் வேர் இருக்கும். மேல்பக்கம் ஒரு கான் வெட்டுவதற்கும் ஒத்துக்கொண்டார். கிழங்கு அழுகினால் என்ன செய்வது என்று இரண்டு முறை கேட்டார். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அளக்கிறோம். அப்பாவின் மூன்று கம்புகளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். கயிறு மட்டும் இற்றுப்போயிருந்தது, புதிது வாங்க வேண்டும்.